பொதுமொழி மறைக்கும் தூரம்: பாக் விரிகுடாவின் இரு தமிழ்க் கரைகள்

புதுக்கோட்டைக்குக் கடல் கிடைத்தது 1974இல்தான். தொண்டைமான்களின் சமஸ்தானத்துக்குக் கரை கிடையாது. 1948 மார்ச்சில் அது இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியான பிறகும் அந்த நிலை மாறவில்லை. 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டம் அமைந்தபோது தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பகுதியைப் பிரித்துச் சேர்த்தார்கள். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கரை அதனோடு வந்தது. அதே ஆண்டு ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்படிக்கை அந்தக் கரைக்கு எதிரேயுள்ள கடலில் எல்லைக்கோட்டை இழுத்தது. கச்சத்தீவு அந்தப் பக்கம் போயிற்று. 1976இல் கோடு மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் நீண்டது. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் தொழில் செய்யக் கூடாது என்று அப்போது பரிமாறப்பட்ட கடிதங்கள் கூறின. மாவட்டம் கரையைப் பெற்றதும் கடல் பிரிந்ததும் ஐந்தாறு மாத இடைவெளியில் நடந்தவை. இரண்டுக்கும் ஐம்பது வயது கடந்துவிட்டது. ஆனாலும் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் தொழில் செய்கிறவர்களும், எதிர்க்கரையில் நெடுந்தீவு, ஊர்காவற்றுறை, பருத்தித்துறைப் பக்கங்களில் தொழில் செய்கிறவர்களும் தங்களுக்குள் ஒரு பேச்சைத் தொடங்கி முடித்ததில்லை.

இரண்டு சமூகங்கள் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் போவதற்கு மொழிதான் முதல் காரணம் என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். மொழி வேறு என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதைத் தாண்டினால் பழக்கவழக்கம், மதம், மரியாதை முறை என்று பண்பாட்டுச் சுவர்கள் வரும். அவற்றுக்குப் பயிற்சி வேண்டும். தொடர்பியல் பாடநூல்கள் வைத்திருக்கும் வரிசை இது. இந்த வரிசை சரியா என்று சோதித்துப் பார்க்க பாக் விரிகுடாவைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. இங்கே மொழி ஒன்று. மதங்களும் பெரிதாக வேறில்லை: இரு கரையிலும் இந்துக்களும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் கடல் தொழிலில் இருக்கிறார்கள். கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாவில் ஆண்டுக்கு ஒருமுறை இரு கரையாரும் ஒரே பூசையில் நிற்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் பேச்சு நடக்கவில்லை என்றால் தடை வேறெங்கோ இருக்கிறது. அது தொழிலிலும் நாட்காட்டியிலும் போர் விட்டுச்சென்ற நினைவிலும், யார் யாருக்காகப் பேசுகிறார்கள் என்பதிலும் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பொதுமொழி அந்தத் தடையைக் கரைக்கவில்லை. அது இருப்பதே தெரியாதபடி மூடிவைத்திருக்கிறது. அந்நிய மொழிக்காரரிடம் பேசும்போது புரியாமல் போகலாம் என்ற எச்சரிக்கை நமக்கு இருக்கும். தமிழரிடம் தமிழில் பேசும்போது அந்த எச்சரிக்கை எழுவதில்லை.

முதலில் வட்டார வழக்கை ஒதுக்கிவிடலாம். யாழ்ப்பாணத் தமிழும் புதுக்கோட்டைக் கரைத் தமிழும் ஒலியிலும் சொல்லிலும் விலகியவை என்பது உண்மை. ஆனால் அந்த விலகல் எவ்வளவு சீக்கிரம் கடக்கப்படுகிறது என்பதைக் கைதான மீனவர்களின் குடும்பங்களைப் பார்த்தால் தெரியும். கடற்படை பிடித்த படகு காங்கேசன்துறைக்கோ மயிலிட்டிக்கோ கொண்டுபோகப்படும், ஆட்கள் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவார்கள், விளக்கமறியல் என்பார்கள். இங்கே அதை நீதிமன்றக் காவல் என்கிறோம். கோட்டைப்பட்டினத்தில் ஒரு வீட்டுக்கு அந்தச் சொல் புரிய ஒரு வாரம்கூட ஆகாது. கடற்படைப் படகில் கழியும் சில மணி நேரத்தில் மட்டும்தான் பிடிபட்டவர்களைச் சுற்றி சிங்களம் ஒலிக்கும். வடக்கில் நீதிமன்ற நடவடிக்கை தமிழிலேயே நடக்கிறது. குற்றச்சாட்டைத் தமிழில் கேட்கிறார்கள், தமிழில் பதில் சொல்கிறார்கள், தமிழில் தீர்ப்பு பெறுகிறார்கள். மொழி தடையாக இருந்திருந்தால் இந்த நீதிமன்ற அறையே அது நீங்கும் இடமாகியிருக்க வேண்டும். நடப்பது வேறு. ஊர் திரும்பியவர்கள் தாங்கள் நியாயமாகத் தொழில் செய்த இடத்திலிருந்து பிடித்துச் செல்லப்பட்டதாகவே நம்புகிறார்கள். தண்டனை போதாது என்று அங்குள்ள மீனவர் சங்கங்கள் நம்புகின்றன.

தொழிலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிரிவு தொடங்குவது அங்கேதான். ஜெகதாப்பட்டினத்து விசைப்படகு மீன்வளத் துறையிடம் டோக்கன் வாங்கிக்கொண்டு, டீசலும் ஐஸும் ஏற்றி, டிரைவரும் நாலைந்து பேருமாகக் கிளம்புகிறது. உரிமையாளர் பெரும்பாலும் கரையில் இருப்பார். இழுவைமடி என்னும் வலையின் வாயை விரித்துப் பிடிக்க இருபுறமும் பலகைகள்; அடிக்கயிற்றில் கனம். தரையைத் தடவிக்கொண்டே படகு மணிக்கணக்கில் இழுக்கும். இறால் தரையில் கிடப்பது. ஆகவே தரையைக் கிளறினால்தான் காசு. இரவெல்லாம் இழுத்துவிட்டு மறுநாள் திரும்பினால், கிடைத்ததை விற்று டீசல் கடனைக் கழித்த மிச்சத்தில் பங்கு. எதிர்க்கரையில் வெளியே இன்ஜின் மாட்டிய பைபர் படகில் இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர். படகு அவர்களில் ஒருவருடையது. சாயங்காலம் போய் நண்டு வலையையோ மீன் வலையையோ கடலில் படுத்திவிட்டு வருவார்கள். வலை இராமுழுக்கத் தரையோடு கிடக்கும். விடியலில் போய்த் தூக்குவார்கள். அந்த வலைகளே அவர்களுடைய மொத்த முதல். பலகை கட்டிய மடி அந்த இடத்தில் போனால் வலை சுருட்டிக்கொண்டு போய்விடும், அல்லது கிழிந்து மிதக்கும். இழுத்தவர்களுக்கு அது பெரும்பாலும் தெரியவே தெரியாது: இருட்டு, இன்ஜின் சத்தம், மடியில் ஏதோ கூடுதல் பாரம், அவ்வளவுதான். விடியலில் வலையைத் தேடி வருகிறவர் இழுத்தவரைப் பார்ப்பதில்லை, கிழிசலைத்தான் பார்க்கிறார். இரு தமிழ்ச் சமூகங்கள் பாக் விரிகுடாவில் மிக அதிகமாகச் சந்தித்துக்கொள்ளும் விதம் இது. ஒரு சொல்லும் புழங்காத சந்திப்பு.

இதைப் பொருளாதாரம் என்று சொல்லிவிட்டுப் போகலாமே, ஏன் பண்பாடு என்று பெரிதாக்க வேண்டும் என்று கேட்கலாம். மனிதர் எந்த நேரத்தில் விழித்திருக்கிறார், யாரோடு சேர்ந்து உழைக்கிறார், யாருக்குக் கடன்பட்டிருக்கிறார், எதை நட்டம் என்றும் எதைத் தீங்கு என்றும் எண்ணுகிறார் என்பதையெல்லாம் ஒரு கருவி தீர்மானிக்கிறது என்றால், அதைப் பண்பாடு என்று சொல்வதில் மிகை இல்லை. இரு தொழில்முறைகளைப் பிரிக்கும் இந்தக் கோடு நாட்டு எல்லைமீது செல்லவும் இல்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் இழுவைப் படகு வைத்திருந்தவர்கள் உண்டு. அடிமட்ட இழுவைமடியை இலங்கை 2017 ஜூலையில் சட்டம் போட்டுத் தடை செய்தபோது அது அவர்களையும் பிடித்தது. இங்கே புதுக்கோட்டைக் கரையிலேயே நாட்டுப்படகுக்காரர்கள் விசைப்படகைப் பற்றிச் சொல்லும் குறை, பருத்தித்துறையில் கேட்கும் குறைதான். அவர்களுடைய வலையும் அறுபட்டிருக்கிறது. ஒரே ஊரில், ஒரே தெருவில் இருக்கும் இந்தப் பிளவைத் தமிழ்நாடு எப்படிக் கையாண்டது என்பது நம் வாதத்துக்கு முக்கியமான சான்று.

நார்வே உதவியுடன் 1950களில் கேரளத்தில் தொடங்கிய இயந்திரமயம் இறால் ஏற்றுமதியின் விலையால் தூண்டப்பட்டுத் தமிழகக் கரையெங்கும் பரவியபோது, விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் 1970களில் கடும் மோதல்கள் நடந்தன. அரசு 1983இல் கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்றது. பாக் விரிகுடாவில் இன்னொரு ஏற்பாடும் நிலைபெற்றது: வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. திங்கள், புதன், சனி விசைப்படகு போகும். முறை மீறல் இல்லாமல் இல்லை. ஆனாலும் மொத்தத்தில் இது நிலைத்திருக்கிறது. காரணம், இரு தரப்பும் ஒரே மீன்வளத் துறை அலுவலகத்தில், ஒரே ஊர்க்கூட்டத்தில், நேருக்கு நேர் சண்டை போட்டு எட்டிய ஏற்பாடு இது. எல்லோரும் தமிழில் பேசினார்கள் என்பதால் தீர்ந்ததல்ல. எந்த இரவு யாருடையது என்ற துல்லியமான கேள்வியைப் பேசியதால் தீர்ந்தது.

இந்த அட்டவணை எல்லைக்கோட்டைத் தாண்டியும் போனது. வடக்கு மீனவர்கள் அதை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். திங்கள், புதன், சனி இரவுகளில் தமிழ்நாட்டுப் படகுகள் வரும் என்று தெரிந்து, அந்த இரவுகளில் பலர் வலை படுத்தாமல் கரையில் இருந்துவிடுகிறார்கள். பாக் விரிகுடாவை ஆராய்ந்தவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்குள் ஒரு சண்டையைத் தீர்க்கப் போட்ட அட்டவணை யாழ்ப்பாணக் குடாநாட்டில் யார் என்றைக்குக் கடலுக்குப் போவது என்பதைத் தீர்மானிக்கிறது. அதைப் பற்றி அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆண்டுக்கு 61 நாள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, நம் கிழக்குக் கரையில் உள்ள மீன்பிடித் தடைக்காலமும் அப்படித்தான். இங்கே அது மீன் இனப்பெருக்கத்துக்கான தியாகமாகப் பார்க்கப்படுகிறது: வருமானம் இல்லை, படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் செலவு வேறு. அங்கே அதே இரண்டு மாதம் நிம்மதியாகத் தொழில் செய்யக் கிடைக்கும் காலம். ஜூன் நடுவில் அது முடிகிறது. தடைக்காலம் முடிந்து கிளம்பும் முதல் நடையை இங்கே ஊரே எதிர்பார்க்கிறது. அதே இரவை அங்கே அஞ்சிக் காத்திருக்கிறார்கள். நாட்காட்டி ஒன்றுதான், பொருள் தலைகீழ்.

இதன்மேல் போர் வந்து படிந்தது. 1983க்குப் பின் கால் நூற்றாண்டு வடகடல் அதன் மீனவர்களுக்கே மூடிக் கிடந்தது: தடைகள், பாதுகாப்பு வலயங்கள், இடப்பெயர்வு. 1990 ஜூனில் வெளியேறிய மயிலிட்டி மக்களுக்குத் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. அந்த இடைவெளியில் தமிழ்நாட்டு விசைப்படகுகள் பெருகி, அந்தக் கடலைத் தம் தொழில் இடமாக்கிக்கொண்டன. அதில் சதி ஏதும் இல்லை. இந்தப் பக்கத்தில் இறால் குறைந்தது, அந்தப் பக்கத்தில் இழுக்க ஆள் இல்லை. ஆனால் ஒரு தலைமுறை அப்படியே வளர்ந்துவிட்டது. கோட்டைப்பட்டினத்தில் இன்று நாற்பது வயதான டிரைவர் ஒருவர் நெடுந்தீவுக்கு அருகே இழுப்பதை இளவயதில் தொழிலோடு தொழிலாகக் கற்றிருப்பார். பாரம்பரியமான இடம் என்று அவர் சொல்வது அவருடைய ஆயுள்கணக்கில் உண்மை. 2009க்குப் பின் கடனுக்கு வலை வாங்கிக்கொண்டு கடலுக்குத் திரும்பிய மயிலிட்டிக்காரரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார். அவர் எண்ணுவது தாத்தா காலத்திலிருந்து. இருவர் கையிலும் ஒரே வாதம் இருப்பதால் அது யாரையும் சமாதானப்படுத்தவில்லை. திரும்பக் கிடைத்த மயிலிட்டித் துறைமுகத்தில் இப்போது தமிழ்நாட்டிலிருந்து வந்து பிடிபட்ட படகுகள் வரிசையாக நிறுத்தப்பட்டு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது இந்தக் கதையின் கசப்பான உபகதை.

போர் இன்னொன்றையும் செய்தது. தமிழ்நாடு ஈழத்தமிழரை அறிந்துகொண்ட வடிவங்களை அது உறைய வைத்துவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்திலேயே தோப்புக்கொல்லை, லேனாவிளக்கு, அழியாநிலை என மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. நம் மேடைகளும் பத்திரிகைகளும் ஈழத்தமிழரை அகதியாக அறியும், போராளியாக அறியும், கொல்லப்பட்டவராக அறியும். கடனுக்கு வலை வாங்கிய தொழிலாளியாக, நம்மிடம் நட்ட ஈடு கேட்கக்கூடிய அண்டை வீட்டுக்காரராக அறியாது. பரிவு காட்டுவதற்கு நமக்கு நிறைய மொழி இருக்கிறது. கணக்குப் பேச மொழி இல்லை. அங்கேயும் இதற்கு ஈடான ஒரு குறை உண்டு. போர்க்காலத்தில் தமிழகம் தந்த அடைக்கலத்தை நன்றியோடு பேசுகிறவர்கள், படகில் வருகிறவர் கூலிக்குப் பங்கு வாங்கும் ஏழை என்பதைப் பேச்சில் விட்டுவிடுகிறார்கள்.

செய்தித்தாள்களின் வாக்கிய அமைப்பில் இது அப்படியே தெரியும். தமிழ்நாட்டுச் செய்தியில் எழுவாய் கடற்படை: அது வந்தது, சுற்றி வளைத்தது, சிறைபிடித்தது. யாழ்ப்பாணத்துச் செய்தியில் எழுவாய் இந்திய இழுவைப் படகு: அது நுழைந்தது, அறுத்தது, அள்ளிச் சென்றது. முதல் வாக்கியத்தில் வடக்கு மீனவருக்கு இடமே இல்லை. இரண்டாவதில் கோட்டைப்பட்டினத்து மனிதர் படகுக்குள் மறைந்துபோகிறார். இரண்டும் நல்ல தமிழ். ஒரு கரையார் மறுகரைச் செய்தியைப் படித்தால் சொல்லுக்குச் சொல் விளங்கும். அவருடைய அனுபவம் மட்டும் அதில் இருக்காது. ஆகவே அது பொய்ச் செய்தி என்றோ யாரோ தூண்டிவிட்டது என்றோ அவர் முடிவு கட்டுவதில் வியப்பில்லை.

பேச்சுவார்த்தைகளே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2004இல் தமிழ்நாட்டு மீனவர் பிரதிநிதிகள் நல்லெண்ணக் குழுவாக இலங்கை சென்றார்கள். இழுவைமடி அந்தக் கடலுக்குக் கேடு என்பதை அவர்களே ஒப்புக்கொண்டு, அதை விட அவகாசம் கேட்டார்கள். அரசுகள் பேசிப் பேசிச் சாதிக்காததை மீனவர்கள் முதல் சந்திப்பிலேயே சொன்னார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 2010 ஆகஸ்டில் வடக்கு மீனவர்கள் சென்னைக்கு வந்தபோது ஆண்டுக்கு 70 நாள் என்ற இடைக்கால ஏற்பாடு வரை பேச்சு போயிற்று. இரு நாட்டு அரசுகளும் அதற்கு ஒப்புதல் தரவில்லை. பின்பு 2014 ஜனவரியில் சென்னை, மே மாதம் கொழும்பு, 2015 மார்ச்சில் மீண்டும் சென்னை. அந்தக் கடைசிக் கூட்டத்தில் தமிழ்நாட்டுத் தரப்பு மூன்றாண்டுகளுக்கு, ஆண்டுக்கு 83 நாள் கேட்டது. வடக்குத் தரப்பு மறுத்தது. எழுபது எப்படி எண்பத்து மூன்றானது? என் வாசிப்பு இது: வடக்குத் தரப்புக்கு 70 நாள் என்பது வெளியேறுவதற்கான கெடு, நாள் போகப் போகக் குறைய வேண்டியது. தமிழ்நாட்டுத் தரப்புக்கு அது ஏற்கப்பட்ட உரிமையின் முதல் அளவு, மேலே பேசக்கூடியது. ஒரே எண்ணை, ஒரே மொழியில், எதிரெதிர் அமர்ந்து பேசிவிட்டு இரு பொருளோடு எழுந்து போயிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவில் இருந்திருந்தால், இது குறைப்பதற்கா கூட்டுவதற்கா என்று ஒருமுறையாவது கேட்டிருப்பார்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். இதில் புரியாமை எங்கே இருக்கிறது? மீன் குறைவு, படகு அதிகம். ஒருவர் ஆதாயம் மற்றவர் நட்டம். இரு தரப்பும் ஒருவரை ஒருவர் நன்றாகவே புரிந்துகொண்டுதான் மோதுகிறார்கள் என்று சொல்லலாம். நல முரண்பாடு இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நல முரண்பாடு உள்ள இடங்களிலெல்லாம் பேச்சு செத்துப்போவதில்லை. ஆங்கிலக் கால்வாயில், நார்மண்டிக் கரைக்கு அப்பால், சிப்பி வாரும் பிரெஞ்சுப் படகுகளும் பிரிட்டிஷ் படகுகளும் 2018 ஆகஸ்டில் மோதிக்கொண்டன. பிரெஞ்சுக்காரருக்கு மே 15 முதல் அக்டோபர் 1 வரை தடைக்காலம். பிரிட்டிஷாருக்கு அது இல்லை. சண்டை நம்முடையதைப் போலவே நாட்காட்டியைப் பற்றியது. பொதுமொழி இல்லாத அந்த இரு தரப்பும் அதற்கு முந்தைய ஆண்டுகளில் 15 மீட்டருக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் படகுகள் எப்போது வரக் கூடாது என்று உடன்பாடு வைத்திருந்தன. கருவி ஒன்று, தொழில் ஒன்று. ஆகவே படகின் நீளத்தையும் தேதியையும் வைத்துப் பேச முடிந்தது. நம் பக்கத்திலேயே கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் ஆழ்கடல் மீனவர்களைப் பாருங்கள். கொச்சி முதல் குஜராத் வரை மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் பேசும் துறைமுகங்களில் தங்கித் தொழில் செய்கிறார்கள். தொழில் பொது என்பதால் மொழி வழிவிடுகிறது. மொழி வேறாய்த் தொழில் ஒன்றான இடத்தில் பேச்சு நடக்கிறது, மொழி ஒன்றாய்த் தொழில் வேறான இடத்தில் நின்றுபோகிறது. இரண்டு எடுத்துக்காட்டுகளால் விதி நிறுவப்படாதுதான். ஆனால் தடையை எங்கே தேட வேண்டும் என்பதற்கு இது போதுமான குறிப்பு.

இரண்டாவது மறுப்பு அரசியல் சார்ந்தது: உண்மையான சுவர் சிங்களப் பேரினவாத அரசும் அதன் கடற்படையும்தான், 1956 தனிச்சிங்களச் சட்டம் முதல் அந்த அரசு தமிழைக் கேட்க மறுத்த வரலாறு தெரிந்ததே, தமிழரும் தமிழரும் தனியே இருந்தால் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்பது. முதல் பாதியை ஏற்கிறேன். 2021 ஜனவரி 18 அன்று கோட்டைப்பட்டினத்திலிருந்து போன படகு நெடுந்தீவுக்கு அருகே கடற்படைக் கலத்தோடு மோதியதில் நால்வர் இறந்தார்கள். தப்ப முயன்றபோது மோதியது என்றது கடற்படை. வேண்டுமென்றே மோதினார்கள் என்றனர் மீனவர்கள். அதே ஆண்டு அக்டோபரில் அதே ஊர்ப் படகு ஒன்று மீண்டும் அப்படி மூழ்கி ஒருவர் இறந்தார். உயிர் போகும்படியான வன்முறையை எந்தத் தொடர்பியல் விளக்கமும் நியாயப்படுத்தாது. ஆனால் மறுப்பின் இரண்டாவது பாதியைச் சான்றுகள் தாங்கவில்லை. இழுவைமடித் தடைச் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாக முன்னெடுத்தவர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சுமந்திரன். 2021 அக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறைக்குப் படகுப் பேரணி நடத்தியவர்கள் தமிழ் மீனவர்கள். 2024 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகத்துக்கு முன் உண்ணாவிரதம் இருந்தவர்களும் அவர்களே. இதையெல்லாம் கொழும்பின் தூண்டுதல் என்று ஒதுக்குவது, தமிழ் பேசுகிறவர் நமக்கு எதிராகச் சொந்தமாக ஒரு கருத்து வைத்திருக்க முடியாது என்று நினைப்பதாகும். 2021 ஜனவரியில் இறந்த நால்வரில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த இலங்கைத் தமிழர். அந்தப் படகில் யார் எந்தக் கரை என்று பிரிப்பது கடினம். அந்த உயிரிழப்பு பற்றிய நம் பேச்சில் இந்தச் சிக்கல் வந்ததே இல்லை.

மூன்றாவது மறுப்பு எனக்கு மிகவும் உரைப்பது. பண்பாட்டைப் பழி சொல்லும்போது விசைப்படகில் போகும் கூலிக்காரர் மீதும் பழி விழுகிறதே? அவரா பலகை மடியைக் கண்டுபிடித்தார்? அவருக்கு எதிர்க்கரைக்காரரோடு பொதுவாக இருப்பவை அதிகம்: கடன், உப்பு, தூக்கமின்மை. பேச்சுவார்த்தை மேசையில் அவர் இருந்ததில்லை என்பதே இதற்குப் பதில். இங்கிருந்து போனவை பெரும்பாலும் விசைப்படகு உரிமையாளர் சங்கங்கள். கடலுக்குப் போகாமல் முதல் போட்டவருக்குப் படகுதான் பேச்சுப்பொருள்: அதை மீட்பது, அது போகும் தூரம், அதன் நாட்கள். அங்கிருந்து வருகிறவர்கள் தங்கள் படகில் தாங்களே போகிறவர்கள். அவர்களுக்கு வலை பேச்சுப்பொருள். சிறைக்குப் போகும் டிரைவரும், பங்குக்குப் போகும் தொழிலாளியும், இந்தப் பக்கத்து நாட்டுப்படகுக்காரரும் எந்தத் தரப்பிலும் உட்காரவில்லை. இரண்டு சமூகங்கள் பேசுகின்றன என்று நாம் சொல்லும்போது உண்மையில் பேசுவது இரண்டு வகை முதலீடுகள். 2018இல் இலங்கை வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல கோடி ரூபாய்க்கு உயர்த்தியது. அண்மைக்காலத்தில் இரண்டாம் முறை பிடிபடுவோருக்குச் சிறைத் தண்டனை வருகிறது. படகு போனால் உரிமையாளருக்கு நட்டம். சிறை போவது பெரும்பாலும் கூலிக்காரர்தான்.

இதே புரியாமை அரசுக்கும் மீனவருக்கும் நடுவிலும் இருக்கிறது. 2017இல் இழுவைமடியிலிருந்து ஆழ்கடல் தொழிலுக்கு மாற்றும் திட்டம் வந்தது. ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய். அதில் ஒன்றிய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20 சதவீதம் மானியம். 20 சதவீதம் வங்கிக் கடன். பயனாளி 10 சதவீதம். 2,000 படகுகள் இலக்கு. கட்டிக் கொடுக்கப்பட்டவை அதில் மிகச் சிறு பங்கே. தாளில் இது தாராளமான திட்டம். ஆனால் சில பாகம் ஆழக் கடலில் ஓர் இரவு இழுத்துவிட்டுத் திரும்பி வீட்டில் சாப்பிடுகிற மனிதரிடம், வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து தூண்டில் போட்டுச் சூரை பிடிக்கச் சொல்வது, நெல் விவசாயியை ஆடு மேய்க்க வெளியூர் அனுப்புவது போன்றது. வேறு அறிவு, வேறு ஆட்கள், வேறு சந்தை, வேறு குடும்ப வாழ்க்கை. மானிய விகிதத்தில் குறை இல்லை; மீனவருக்குத் தேவைப்பட்டது மானியம் மட்டுமல்ல என்பதைத் திட்டம் கேட்டுக்கொள்ளவில்லை.

2016 நவம்பரில் புதுதில்லியில் இரு நாடுகளும் கூட்டுச் செயற்குழு அமைத்தன; மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவதாகச் சொன்னார்கள். ஆறாவது கூட்டம் 2024 அக்டோபரில் கொழும்பில் நடந்தது. எட்டு ஆண்டில் ஆறு கூட்டம். அதிகாரிகள் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், எல்லைக்கோட்டைப் பேசுகிறார்கள், கைது எண்ணிக்கையைப் பேசுகிறார்கள். 2024 பிப்ரவரியில் ராமேசுவரம் மீனவர்கள் தண்டனைகளைக் கண்டித்துக் கச்சத்தீவுத் திருவிழாவையும் புறக்கணித்தார்கள். இரு கரையாரும் கூடும் அந்த ஒரே நிகழ்ச்சியும் அந்த ஆண்டு பாதியாயிற்று. எல்லையைத் திருத்துவதோ கச்சத்தீவை மீட்பதோ இந்தக் கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. தேர்தல் வரும்போது அவை தாமாகவே பேசப்படும். அதற்குக் காத்திராமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. 1970களின் சண்டைக்குப் பின் இந்தக் கரையில் விசைப்படகையும் நாட்டுப்படகையும் ஒரே அறையில் உட்காரவைத்து இரவுகளைப் பிரித்துக்கொடுத்த அனுபவம் தமிழ்நாடு மீன்வளத் துறையிடம் இருக்கிறது. இந்த முறை அந்த அறையில் ஜெகதாப்பட்டினத்து டிரைவர்களும் மணமேல்குடிப் பக்கத்து நாட்டுப்படகுக்காரர்களும் நெடுந்தீவில் வலை படுத்துகிறவர்களும் இருக்க வேண்டும். உரிமையாளர்கள் வேண்டுமானால் வெளியே நிற்கட்டும். இழுவைமடி என்றைக்கு நிற்கும் என்ற தேதியோடு பேச்சு தொடங்க வேண்டும். அதுவரை எந்த இரவுகளில் எந்த இடத்தில் வலை கிடக்கும், அறுந்த வலைக்கு யார் எவ்வளவு தருவது என்பதில் அது முடியட்டும். 1976 கடிதங்களில் ஒரு வரியையும் மாற்றாமல் இதைச் செய்யலாம். டிரைவர்களுக்கும் வலை படுத்துகிறவர்களுக்கும் நடுவில் ஒருவரை உட்காரவைப்பதும் நல்லது: தமிழ் தெரிந்தவர், ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரு தரப்பிடமும் பொருள் கேட்கிறவர்.